ஹோம் தியேட்டருக்கு டவர் ஸ்பீக்கர்: எதைப் பார்த்து வாங்குவது, எங்கே நிறுத்துவது

தரையில் நிற்கும் டவர் ஸ்பீக்கரை வாங்க நினைப்பவர்களில் பெரும்பாலோர் அதனிடம் எதிர்பார்ப்பது ஆழமான பேஸ்தான். பெட்டி பெரியது, உள்ளே தாழ்ந்த ஒலி தரும் ஊஃபர்கள் இரண்டு மூன்று இருக்கின்றன, ஆகவே குண்டு வெடிக்கும் காட்சியில் தரை அதிரும் என்பது அவர்கள் போடும் கணக்கு. இரண்டு ஸ்பீக்கரை மட்டும் வைத்து இசை கேட்பவருக்கு அந்தக் கணக்கு ஓரளவு சரியாகவே வரும். மிகத் தாழ்ந்த ஒலிக்கென்றே தனிப் பெட்டியாக வரும் சப்ஊஃபர் உள்ள ஹோம் தியேட்டரில் நிலைமை வேறு. அங்கே ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை, ஸ்பீக்கர்களை இயக்கும் மையக் கருவியான ரிசீவர் பிரித்தெடுத்துச் சப்ஊஃபருக்கு அனுப்பிவிடுவதால், டவரால் 35 ஹெர்ட்ஸ் வரை இறங்க முடியும் என்ற பெருமைக்கு வேலையே இல்லாமல் போகிறது.

அப்படியானால் டவர் எதற்கு? 80 ஹெர்ட்ஸுக்கும் 300 ஹெர்ட்ஸுக்கும் இடைப்பட்ட பகுதிக்காகத்தான். ஆண் குரலின் கனம், கதவு அறைந்து சாத்தப்படும் ஓசை, டிரம்மின் அடியில் உள்ள உடம்பு, வாகனம் மோதும்போது நெஞ்சில் படும் குத்து ஆகிய எல்லாம் பெரும்பாலும் இந்தப் பகுதியில் இருக்கின்றன. ஒரே ஒரு சிறிய ஊஃபர் இந்த வேலையைத் தனியாகச் செய்யும்போது சத்தம் கூடக் கூட அதன் கூம்பு அதிகமாக அசைய வேண்டியிருக்கிறது. அசைவு கூடினால் திரிபும் கூடும். டவரில் பல ஊஃபர்கள் இந்தச் சுமையைப் பங்கிட்டுக்கொள்வதால் படத்தின் உச்சக் காட்சியிலும் ஒலி திணறுவதில்லை. இந்தச் சிரமமின்மைக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம் என்பது தெளிவானால், விளம்பரத் தாளில் எதைப் பார்க்க வேண்டும், அறையில் எதற்காக மெனக்கெட வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

அறையை முதலில் அளக்க வேண்டும்

கடைக்குப் போவதற்கு முன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு அறைக்குள் போவது நல்லது. முதலில் உட்காரும் இடத்திற்கும் ஸ்பீக்கர் நிற்கப்போகும் இடத்திற்கும் உள்ள தொலைவைப் பார்க்க வேண்டும். டவரில் உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டர் மேலேயும் கடைசி ஊஃபர் தரையருகிலும் இருப்பதால், அவை தரும் ஒலிகள் ஒன்றாகக் கலந்து ஒரே இடத்திலிருந்து வருவதாகக் காதுக்குத் தோன்றக் கொஞ்சம் இடைவெளி தேவைப்படுகிறது. இரண்டரை மீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் கவலையில்லை. இரண்டு மீட்டருக்குள் அடங்கிவிடும் அறையில் பெரிய டவரைத் திணிப்பதைவிட, ஸ்டாண்டின் மேல் வைக்கும் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடியும் நல்ல சப்ஊஃபர் ஒன்றும் வாங்குவதே புத்திசாலித்தனம்.

அடுத்து, டிவியின் இரு பக்கமும் டவர் நிற்க இடம் இருக்கிறதா, இரண்டு பக்கமும் ஒரேபோல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு டவர் மூலையில் ஒட்டியும் மற்றொன்று திறந்த வாசலுக்கு அருகிலும் நின்றால், இரண்டின் பேஸும் வெவ்வேறாக ஒலிக்கும். அதை எந்த ரிசீவராலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது. பெட்டியின் முன்பலகைக்கும் பின்சுவருக்கும் இடையே குறைந்தது அறுபது எழுபது சென்டிமீட்டராவது கிடைக்குமா என்பதையும் இப்போதே அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். டவரின் ஆழம் மட்டுமே பல மாதிரிகளில் 30 முதல் 40 சென்டிமீட்டர் வரை இருக்கும் என்பதால், படத்தில் ஒல்லியாகத் தெரிவது அறைக்குள் வந்ததும் நடைபாதையை அடைத்துக்கொள்ளும்.

விவரத் தாளைப் படிப்பது

விவரத் தாளில் பெரிய எழுத்தில் அச்சாகியிருப்பது வாட் எண்ணிக்கை. உண்மையில் அதிகம் சொல்வது சிறிய எழுத்தில் இருக்கும் உணர்திறன். 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் ஒலி வரும் என்பதே அது. எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது சரியாக ஒரு வாட். நான்கு ஓம் ஸ்பீக்கருக்கு அதே வோல்ட் இரண்டு வாட்டாகிவிடுவதால், அதன் உணர்திறன் எண் மூன்று டெசிபல் கூடுதலாகத் தெரியும். இரண்டு மாதிரிகளை ஒப்பிடும்போது இதைக் கழித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இந்த எண்ணை ஒரு கணக்கில் போட்டுப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். உணர்திறன் 88 டெசிபல், இம்பீடன்ஸ் எட்டு ஓம், உட்காரும் தொலைவு மூன்று மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். திறந்த வெளியில் மூன்று மீட்டருக்குள் ஏறத்தாழ ஒன்பதரை டெசிபல் குறைந்துவிடும். அறைச் சுவர்கள் அதில் ஒரு மூன்று டெசிபலைத் திருப்பித் தருவதாகக் கொண்டால், ஒரு வாட்டுக்கு இருக்கையில் கிடைப்பது சுமார் 81.5 டெசிபல். திரைப்பட ஒலிக்கலவைக்கு அடிப்படையாகக் கொள்ளும் ரெஃபரன்ஸ் சத்த அளவில் ஒரு முதன்மைச் சேனலின் உச்சம் 105 டெசிபல் வரை போகலாம். ஆற்றலை இரட்டிப்பாக்கினால் மூன்று டெசிபலும் பத்து மடங்காக்கினால் பத்து டெசிபலும்தான் கூடும் என்பதால், அந்த உச்சத்தை எட்ட ஒரு சேனலுக்கு ஏறக்குறைய 225 வாட் தேவைப்படும். வீட்டில் யாரும் அவ்வளவு சத்தமாக வைப்பதில்லை. பத்து டெசிபல் குறைத்துக் கேட்பவருக்கு 22 வாட் போதும். அதே அறையில் 91 டெசிபல் டவரை வைத்தால் இந்த இரண்டு எண்களும் பாதியாகிவிடும். அதாவது, மூன்று டெசிபல் கூடுதல் உணர்திறன் என்பது இரண்டு மடங்கு பெரிய ஆம்பிளிஃபயரை வாங்கியதற்குச் சமம். டவர்கள் புக்‌ஷெல்ஃபை முந்துவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வாட் எண்ணைப் பற்றி இரண்டே செய்திகள் போதும். ஸ்பீக்கரில் எழுதியிருப்பது அது எவ்வளவு தாங்கும் என்பதே தவிர, எவ்வளவு கேட்கும் என்பதல்ல. ரிசீவரில் எழுதியிருப்பது ஒரே ஒரு சேனலை, ஒரே அதிர்வெண்ணில், பத்து விழுக்காடு திரிபுடன் இயக்கி அளந்ததா, அல்லது இரண்டு சேனல்களை 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை முழுதாக இயக்கி அளந்ததா என்பதைப் பார்க்க வேண்டும். இரண்டாவது எண்தான் நம்பத்தக்கது. ஸ்பீக்கரின் உச்சவரம்பைவிடச் சிறிய ஆம்பிளிஃபயர் பாதுகாப்பானது என்ற எண்ணமும் தவறு. ஆம்பிளிஃபயரின் சக்தி போதாமல் அலையின் முகடு வெட்டுப்பட்ட ஒலியை நெடுநேரம் ஓடவிட்டால் ட்வீட்டர் எரிந்துபோக வாய்ப்பு உண்டு.

மின்மறுப்பு எனப்படும் இம்பீடன்ஸ் ஒரே நிலையான எண் அல்ல. அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும். தாளில் எட்டு ஓம் என்று போட்டிருந்தாலும் சில இடங்களில் நான்குக்கும் கீழே இறங்கும் டவர்கள் உண்டு. பல ஊஃபர்களை இணையாக இணைப்பதால் டவர்களில் இது அதிகம். குறைந்தபட்ச இம்பீடன்ஸ் தனியாகக் குறிப்பிடப்பட்டிருந்தால் அதைப் பார்க்க வேண்டும். ரிசீவரின் கையேடு நான்கு ஓம் சுமையை ஏற்பதாகச் சொல்லவில்லையென்றால், அப்படிப்பட்ட டவரைத் தவிர்க்க வேண்டும் அல்லது தனியாக ஒரு பவர் ஆம்பிளிஃபயருக்கு ஒதுக்கீடு செய்ய வேண்டும்.

அதிர்வெண் வீச்சைப் பார்க்கும்போது பக்கத்தில் ப்ளஸ் மைனஸ் மூன்று டெசிபல் என்பது போன்ற வரையறை இருக்கிறதா என்று தேடவும். வரையறை இல்லாத “30 ஹெர்ட்ஸ் முதல் 25,000 ஹெர்ட்ஸ் வரை” என்ற வரி எதையும் சொல்வதில்லை, ஏனெனில் 30 ஹெர்ட்ஸில் ஒலி பத்து டெசிபல் சரிந்திருந்தாலும் அதை அப்படி எழுதிவிடலாம்.

உள்ளமைப்பைப் பொறுத்தவரை, ட்வீட்டர், ஊஃபர் போன்ற டிரைவர்களுக்கு ஒலி எத்தனை பகுதிகளாகப் பிரித்துத் தரப்படுகிறது என்பதைக் கொண்டு இருவழி, இரண்டரைவழி, மூன்றுவழி என மூன்று வகை டவர்கள் புழக்கத்தில் உள்ளன. இரண்டரைவழியில் ஓர் ஊஃபர் நடுப்பகுதி வரை வேலை செய்ய, மற்றொன்று தாழ்பகுதியில் மட்டும் துணைக்கு வரும். மூன்றுவழியில் குரல் பகுதிக்கென்றே தனி டிரைவர் இருப்பதால், பேஸ் கூம்பின் பெரிய அசைவு வசனத்தைக் கலைப்பதில்லை. ஆனால் நன்றாக வடிவமைத்த இருவழி, அவசரத்தில் செய்த மூன்றுவழியைத் தோற்கடித்துவிடும். டிரைவர்களை எண்ணி விலை பேசக் கூடாது. காற்று போய்வரும் துளையான போர்ட் உள்ள பெட்டியா, மூடிய பெட்டியா என்பதும் சப்ஊஃபருடன் பயன்படுத்தும்போது அத்தனை பெரிய விஷயமில்லை. போர்ட் பின்பக்கம் இருந்தால் அதன் வாய் சுவரோடு ஒட்டாமல் இருக்க வேண்டும், அவ்வளவே.

இவற்றையெல்லாம்விட மேலான அளவுகோல் ஒன்று உண்டு. ஒலியியல் ஆய்வாளர்களான ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கரை மறைத்துவைத்து நடத்திய கேட்புச் சோதனைகளில், பெரும்பாலான கேட்பவர்கள் விரும்பியது நேர்முன்னே சமமாகவும் பக்கவாட்டில் சீராகச் சரிந்தும் ஒலிக்கும் ஸ்பீக்கர்களையே. ஸ்பீக்கரைச் சுற்றிலும் பத்து டிகிரிக்கு ஒருமுறை, கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் 70 அளவீடுகள் எடுக்கும் சிடிஏ-2034 என்ற தரம் அந்த ஆய்வுகளிலிருந்து உருவானது. நீங்கள் பார்க்கும் மாதிரிக்கு அப்படி ஒரு வரைபடம் கிடைத்தால், நேர்முன் கோடு மேடுபள்ளம் இல்லாமல் இருக்கிறதா, பக்கவாட்டுக் கோடுகள் அதே வடிவத்தைப் பின்பற்றுகின்றனவா என்று மட்டும் பாருங்கள். அறையில் நம் காதை அடைவதில் பெரும்பங்கு சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி என்பதால், பக்கவாட்டில் கோணலாக ஒலிக்கும் ஸ்பீக்கர் நேர்முன்னே எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் வீட்டில் ஏமாற்றிவிடும்.

நடு ஸ்பீக்கரையும் சேர்த்தே வாங்க வேண்டும்

திரைப்பட வசனத்தின் பெரும்பகுதி நடுவில் உள்ள சென்டர் ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறது. டவருக்கே பணமெல்லாம் செலவாகி, சென்டருக்கு மிச்சம் மீதியில் ஏதோ ஒன்றை வாங்குவது பரவலாக நடக்கிறது. அதன் விளைவு, திரையில் ஓர் ஆள் இடமிருந்து வலம் பேசிக்கொண்டே நடக்கையில் நடுவழியில் அவர் குரல் மாறிவிடுகிறது. இடது, வலது, சென்டர் மூன்றும் ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையைச் சேர்ந்தவையாக, முடிந்தால் ஒரே ட்வீட்டர் உடையவையாக இருக்க வேண்டும். மொத்தத் தொகை குறைவாக இருந்தால் டவரில் ஒரு படி இறங்கிச் சென்டரில் ஒரு படி ஏறுவதே சரி என்பது என் திடமான கருத்து.

நடுவில் ட்வீட்டரும் இரு பக்கமும் ஊஃபர்களுமாகப் படுத்திருக்கும் சாதாரண சென்டர்களில் ஒரு குறை உண்டு. சோபாவின் ஓரத்தில் உட்காருபவருக்கு இரண்டு ஊஃபர்களின் ஒலியும் வெவ்வேறு நேரத்தில் சேர்வதால் குரல் பகுதியில் பள்ளம் விழுகிறது. ட்வீட்டருக்குக் கீழே சிறிய நடுப்பகுதி டிரைவர் பொருத்திய மூன்றுவழிச் சென்டரில் இந்தக் குறை வெகுவாகக் குறைகிறது. மூன்று நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்து பார்க்கும் வீட்டில் இதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண் போகாது.

கடையில் கேட்டுப் பார்க்கும்போது வெடிச்சத்தக் காட்சிகளைத் தவிர்த்துவிட்டு, நன்கு பழகிய ஒரு குரலை, பாட்டாகவோ பேச்சாகவோ, போடச் சொல்லுங்கள். குரல் மூக்கடைத்தோ டப்பாவுக்குள்ளிருந்தோ வருவதுபோல் இல்லாமல், ‘ச’, ‘ஸ’ ஒலிகள் சீறாமல் வர வேண்டும். இரண்டு மாதிரிகளை ஒப்பிடுவதானால் இரண்டின் சத்தமும் ஒன்றாக இருக்கும்படி சரிசெய்ய வேண்டியது கட்டாயம், ஏனெனில் ஓரிரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதைக் காது நல்லது என்று எடுத்துக்கொள்கிறது. கண்ணும் ஏமாற்றும். 1994-இல் வெளிவந்த டூல், ஆலிவ் ஆய்வில், ஸ்பீக்கரைப் பார்த்தபடி கேட்டவர்கள் அளித்த மதிப்பெண்கள் மறைத்துக் கேட்டபோது கிடைத்தவற்றிலிருந்து மாறுபட்டன. உயரமான, பளபளப்பான பெட்டியின் முன் நிற்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது பயன்தரும்.

நிறுத்தும் இடம்

இருக்கையை முதலில் முடிவு செய்த பிறகுதான் டவரைத் தொட வேண்டும். அறையின் நீளத்தை மீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கி, வரும் எண்ணால் 343-ஐ (வினாடிக்கு மீட்டரில் ஒலியின் வேகம்) வகுத்தால், ஒலி சுவர்களுக்கு இடையே மோதித் திரும்புவதால் அந்த நீளத்தில் எழும் முதல் நிலையலையின் அதிர்வெண் கிடைக்கும். ஐந்து மீட்டர் அறைக்கு அது சுமார் 34 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் இருக்கைக்குப் பின்னால் உள்ள சுவரோரம் பேஸ் மிகையாகவும் அறையின் நட்டநடுவில் ஏறத்தாழ இல்லாமலும் இருக்கும். ஆகவே தலை பின்சுவரில் முட்டும்படியும் வேண்டாம், சரியாக நடுவிலும் வேண்டாம். பின்சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்னால் என்பது தொடங்குவதற்கு நல்ல இடம். சோபாவைச் சுவரோடு ஒட்டித்தான் போட முடியும் என்ற வீட்டில், முப்பது சென்டிமீட்டர் முன்னே இழுத்தால்கூடக் குரலின் தெளிவில் வித்தியாசம் தெரியும்.

இருக்கை உறுதியானதும், அங்கிருந்து பார்க்கையில் இடது வலது டவர்கள் நடுக்கோட்டிலிருந்து தலா 22 முதல் 30 டிகிரி விலகியிருக்குமாறு வைக்க வேண்டும். முப்பது டிகிரி என்பது இரண்டு டவர்களும் நம் தலையும் சேர்ந்து சமபக்க முக்கோணம் அமைவது; மூன்று மீட்டர் தொலைவுக்கு டவர்களுக்கு இடையேயும் மூன்று மீட்டர். திரை சிறியதாக இருந்தால் 22 டிகிரியை நோக்கி நெருக்குவது படத்தோடு ஒலி ஒட்டி வர உதவும். தலையிலிருந்து இரண்டு ட்வீட்டர்களுக்கும் உள்ள தொலைவை நூல் பிடித்து அளந்து, ஒரு சென்டிமீட்டருக்குள் சமமாக்கிக்கொள்ள வேண்டும். ட்வீட்டரின் உயரம், உட்கார்ந்திருக்கும்போது காது இருக்கும் உயரமான 90 முதல் 100 சென்டிமீட்டருக்கு அருகில் இருந்தால் நல்லது. சற்று உயரமாகவோ தாழ்வாகவோ இருந்தால் அடியில் உள்ள திருகுகளை ஏற்றி இறக்கிப் பெட்டியை இலேசாகச் சாய்த்துக்கொள்ளலாம்.

இனி வருவது சுவர்த் தொலைவு. டவரின் தலைவிதியே இதில்தான் இருக்கிறது என்றால் மிகையில்லை. ஊஃபரிலிருந்து பின்பக்கமாகப் போகும் தாழ்ந்த ஒலி சுவரில் பட்டுத் திரும்பி, முன்னே வரும் ஒலியோடு எதிர்நிலையில் சந்திக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஊஃபருக்கும் சுவருக்கும் உள்ள தொலைவு அலைநீளத்தில் கால் பங்காக இருக்கும் அதிர்வெண்ணில் இது நிகழும். 343-ஐ அந்தத் தொலைவின் நான்கு மடங்கால் வகுத்தால் எண் வந்துவிடும். பெட்டியின் ஆழம் 35 சென்டிமீட்டர், பின்னால் விட்ட இடைவெளி 25 சென்டிமீட்டர் என்றால், முன்பலகையிலிருந்து சுவருக்கு 60 சென்டிமீட்டர். பள்ளம் விழுவது 143 ஹெர்ட்ஸில். எதற்காக டவரை வாங்கினோமோ அந்தப் பகுதியின் நடுமையத்திலேயே ஓட்டை. சப்ஊஃபரின் சத்தத்தைக் கூட்டி இதை நிரப்ப முடியாது, ஏனெனில் சப்ஊஃபர் அங்கே வேலை செய்வதில்லை. அதிர்வெண்வாரியாகச் சத்தத்தைத் திருத்தும் ஈக்குவலைசரில் ஏற்றினாலும் பயனில்லை, ஏனெனில் ஏற்றியது அனைத்தும் திரும்பும் ஒலியிலும் ஏறி அதே அழிவைச் சந்திக்கும்.

முன்பலகையைச் சுவரிலிருந்து சுமார் 1.1 மீட்டர் முன்னே கொண்டுவர முடிந்தால் பள்ளம் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கி, டவரின் பொறுப்பிலிருந்தே விலகிவிடும். எல்லா வீட்டிலும் அதற்கு இடம் இருக்காது. அப்போது செய்யக்கூடியது, டவருக்குப் பின்னால் உள்ள சுவர், பக்கச்சுவர், தரை ஆகிய மூன்றிலிருந்தும் ஊஃபருக்கு உள்ள தொலைவுகள் ஒன்றுக்கொன்று சமமாகாமல் பார்த்துக்கொள்வது. பின்சுவர் 60, பக்கச்சுவரும் 60 என்றால் இரண்டு பள்ளங்களும் ஒரே இடத்தில் விழுந்து ஆழமாகும். பின்சுவர் 60, பக்கச்சுவர் 95 என்று மாற்றினால் இரண்டும் வெவ்வேறு இடங்களில் சிறியனவாகப் பரவிவிடும்.

இதைக் காதால் செய்யும் முறை எளிது, ஆனால் இருவர் வேண்டும். தரையில் டவரின் முன்விளிம்புக்கு ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதற்கு முன்னால் பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக இன்னும் மூன்று நான்கு டேப்புகளை ஒட்டிக்கொள்ளுங்கள். ரிசீவரை ஸ்டீரியோவில் வைத்து, கனத்த ஆண் குரல் ஒன்று செய்தி வாசிப்பதைப் போல் இடைவிடாமல் பேசும் பதிவை ஓடவிடுங்கள். ஒருவர் இருக்கையில் அமர, மற்றவர் இரண்டு டவர்களையும் ஒவ்வொரு டேப்பாக நகர்த்திக்கொண்டு வர வேண்டும். சுவருக்கு மிக அருகில் குரலின் அடியில் ஒரு ரீங்காரம் ஒட்டிக்கொண்டிருக்கும். முன்னே வர வர அது விலகும். ஒரு கட்டத்தில் குரல் மெலிந்து நெஞ்சை இழந்து தொண்டையிலிருந்து மட்டும் வரும். அந்த இரண்டுக்கும் நடுவே குரல் ஓர் ஆளின் அளவில், டவர்களுக்கு மத்தியில், கை நீட்டித் தொடலாம் என்பதுபோல் நிற்கும் டேப் ஒன்று இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, அதன் இரு பக்கமும் மூன்று நான்கு சென்டிமீட்டர் நகர்த்தி மெருகேற்றலாம். ஒரு மாலைப்பொழுதை விழுங்கும் வேலைதான். ஆனால் அடுத்த விலைப் படியில் உள்ள டவருக்கு மாறுவதால் கிடைப்பதைவிடப் பல அறைகளில் இதனால் கிடைப்பது அதிகம்.

உட்பக்கமாகத் திருப்புவதை இதற்குப் பிறகு செய்ய வேண்டும். இரண்டு டவர்களும் தலைக்குச் சற்றுப் பின்னால் ஒரு புள்ளியில் சந்திக்குமாறு திருப்பித் தொடங்கலாம். ட்வீட்டர் கூர்மையாகக் குத்தினால் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பலாம். இரண்டு டவர்களுக்கும் நடுவில் நிற்பதாகத் தோன்றும் ஒலி கலங்கலாக இருந்தால் உட்பக்கம். நீளமான சோபாவில் பலர் பார்க்கும் வீட்டில், இரண்டு அச்சுகளும் இருக்கைக்கு முன்னாலேயே குறுக்கிடும் அளவுக்குத் திருப்புவது பலருக்கும் தெரியாத நல்ல உத்தி. இடது ஓரத்தில் இருப்பவர் இடது டவருக்கு அருகில் இருந்தாலும் அதன் அச்சிலிருந்து விலகியிருப்பார். தொலைவில் உள்ள வலது டவரோ அவரை நேராகப் பார்க்கும். சமநிலை ஓரளவு மீண்டுவிடும்.

டிவி மேடைக்குப் பின்வாங்கிய நிலையில் டவரை நிறுத்தினால் மேடையின் பக்கவாட்டில் ஒலி பட்டுச் சிதறும். முன்பலகை மேடையின் முன்விளிம்பைத் தாண்டி வெளியே இருக்க வேண்டும். சென்டர் ஸ்பீக்கரையும் தட்டின் உள்ளே தள்ளாமல் விளிம்புவரை இழுத்து, அதன் முகத்தைக் காதை நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். பக்கச்சுவரில் முதலில் ஒலி படும் இடத்தைக் கண்டுபிடிக்க, ஒருவர் சுவரோரமாகக் கண்ணாடியை நகர்த்திக்கொண்டு போக, இருக்கையில் இருப்பவருக்கு அதில் எங்கே ட்வீட்டர் தெரிகிறதோ அதுதான் இடம். சுவர் வெறுமையாக, பளபளப்பாக இருந்தால் அங்கே கனத்த திரைச்சீலையோ புத்தக அலமாரியோ வைக்கலாம். டவருக்கும் இருக்கைக்கும் இடையே தரைவிரிப்பு ஒன்று இருப்பதும் நல்லது.

தரையில் உறுதி, கம்பியில் கவனம்

உயரமும் குறுகிய அடியும் கொண்ட டவர் சாயக்கூடிய பொருள். கனமானவை 20, 30 கிலோ வரை இருக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் பெட்டியுடன் வரும் அகலக்கால்களைப் பொருத்தாமல் ஒரு நாளும் வைக்கக் கூடாது. முடிந்தால் பின்புறத்தைப் பட்டை கொண்டு சுவரோடு பிணைத்துவிட வேண்டும். கம்பளத்தின் மேல் கூராணிகள் துணியை ஊடுருவித் தரையைப் பிடிக்கும். ஓடு, மரத் தளங்களில் கூராணிக்கு அடியில் வில்லை வைக்க வேண்டும் அல்லது ரப்பர் கால்களைப் பயன்படுத்த வேண்டும். நான்கு மூலைகளிலும் ஆட்டிப் பார்த்து ஆட்டம் இல்லாமல் சமன்செய்ய வேண்டும்.

கம்பியில் மர்மம் எதுவும் இல்லை. போக வர உள்ள மொத்த மின்தடை ஸ்பீக்கரின் இம்பீடன்ஸில் ஐந்து விழுக்காட்டுக்குள் இருந்தால் போதும். ஐந்து மீட்டர் தூரத்திற்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் போக வர மின்தடை 0.12 ஓமுக்கும் குறைவு. நான்கு ஓம் டவருக்குக்கூட அது தாராளம். பத்து மீட்டர் ஓட வேண்டுமானால் 2.5 சதுர மில்லிமீட்டர் எடுத்துக்கொள்ளலாம். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி அதே தடிமனில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மின்தடை உடையது என்பதால் வாங்கும்போது முனையைச் சுரண்டிப் பார்ப்பது நல்லது. ரிசீவரை அணைத்துவிட்டு இணைக்க வேண்டும். சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் சேர, ஒரு மெல்லிய இழைகூடப் பக்கத்து முனையைத் தொடக் கூடாது. ஒரு டவரில் மட்டும் மாற்றி இணைத்துவிட்டால் பேஸ் காணாமல் போய், குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் பரவும். பின்னால் இரண்டு ஜோடி முனைகள் இருந்தால், அவற்றை இணைக்கும் உலோகத் தகடுகளைக் கழற்றாமல் ஒரே ஜோடிக் கம்பியில் இயக்குவது போதுமானது.

ரிசீவரில் செய்ய வேண்டியவை

அளவீட்டு மைக்கைக் காது உயரத்தில், ஸ்டாண்டில் பொருத்தி, அறையில் யாரும் பேசாமல் தானியங்கி அளவீட்டை ஓடவிட வேண்டும். சோபாவின் முதுகு உயரமாக இருந்தால் மைக் அதற்கு மேலே இருக்கட்டும். அளவீடு முடிந்ததும் மெனுவைத் திறந்து பார்ப்பது அவசியம், ஏனெனில் டவரைக் கண்டதும் பல ரிசீவர்கள் அதை ‘லார்ஜ்’ என்று பதிந்துவிடுகின்றன. அப்படி விட்டால் முழு பேஸும் டவருக்கே போகும். சப்ஊஃபருக்கு எல்எஃப்இ எனும் தனித் தாழ்வொலிச் சேனலும் மற்ற சிறிய ஸ்பீக்கர்களின் பேஸும் மட்டுமே மிஞ்சும். அதை ‘ஸ்மால்’ என்று மாற்றி, டவருக்கும் சப்ஊஃபருக்கும் ஒலி பிரியும் எல்லையான கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைக்க வேண்டும். பெரிய டவரைச் சிறியது என்று சொல்லச் சிலருக்கு மனம் வருவதில்லை. அந்த மாற்றத்தால் டவரின் கூம்புகள் ஆழமான அதிர்வுகளிலிருந்து விடுபட்டு, ஆம்பிளிஃபயரின் சுமையும் குறைந்து, நடுப்பகுதி இன்னும் தெளிவாகிறது. சப்ஊஃபரை அறையில் பேஸ் சீராக வரும் இடத்தில் தனியாக வைத்துக்கொள்ளும் உரிமையும் கிடைக்கிறது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி வரும் திசையைக் காது எளிதில் கண்டுபிடிக்காது என்பதாலேயே திரைப்பட ஒலித் தரங்களை வகுக்கும் டிஎச்எக்ஸ் நிறுவனம் அந்த எண்ணைத் தேர்ந்தது.

சப்ஊஃபரின் தொலைவு உண்மையானதைவிட ஒன்றிரண்டு மீட்டர் கூடுதலாகப் பதிவாகியிருந்தால் திருத்த வேண்டாம். உள்ளே உள்ள மின்னணுச் சுற்று உண்டாக்கும் தாமதத்தையும் சேர்த்தே ரிசீவர் கணக்கிட்டிருக்கிறது. மற்ற ஸ்பீக்கர்களின் தொலைவு மட்டும் நாடா அளவோடு ஒத்துப்போக வேண்டும். ஈக்குவலைசர் எந்த அதிர்வெண் வரை திருத்தலாம் என்று வரம்பிட வசதி இருந்தால், முதலில் 300 முதல் 500 ஹெர்ட்ஸுக்குள் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். அதற்குக் கீழே ஒலியை ஆள்வது அறை; அதற்கு மேலே ஸ்பீக்கரின் சொந்தக் குணமே மேலோங்கும். நல்ல டவரின் மேல்பகுதியைத் தானியங்கித் திருத்தம் கெடுத்துவிடுவதும் உண்டு.

டவரின் தலையில் மேல்நோக்கி ஒலிக்கும் டால்பி அட்மாஸ் டிரைவர் பொருத்திய மாதிரிகள், கூரையில் ஒலியை மோதவிட்டு, தலைக்கு மேலிருந்து வருவதுபோன்ற ஒலியை உண்டாக்குபவை. தட்டையான, கடினமான கூரை இருந்தால் வேலை செய்யும். சாய்ந்த கூரையிலும் ஒலியுறிஞ்சும் பலகைகள் பதித்த கூரையிலும் அதற்குப் பணம் கொடுப்பதில் பொருளில்லை. கூரையிலேயே ஸ்பீக்கர் பதிக்க வாய்ப்புள்ளவர் சாதாரண டவரை வாங்கிவிடலாம்.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் படம் பார்த்த பிறகும் வசனம் தெளிவில்லையென்றால் முதலில் சென்டரின் சாய்வையும் அதன் முன் உள்ள தட்டையும் பார்க்க வேண்டும். பிறகுதான் அதன் அளவை ஒன்றிரண்டு டெசிபல் ஏற்ற வேண்டும். ஒரே ஒரு தாழ்ந்த சுரம் மட்டும் முழங்கிக்கொண்டே இருந்தால் டவரை விட்டுவிட்டுச் சப்ஊஃபரையோ இருக்கையையோ நகர்த்திப் பார்க்க வேண்டும். குரலின் அடியில் ரீங்காரம் மீதமிருந்து, டவரை மேலும் முன்னே கொண்டுவர இடமும் இல்லையென்றால், போர்ட்டின் வாயில் நுரைப்பஞ்சு அடைப்பான் வைத்துப் பார்க்கலாம். சில மாதிரிகளின் பெட்டியிலேயே அது சேர்ந்து வரும். அடைப்பான் வைத்தாலோ, சோபாவையோ தரைவிரிப்பையோ மாற்றினாலோ, தானியங்கி அளவீட்டை மறுபடியும் முதலிலிருந்து ஓட்டி, ‘ஸ்மால்’, 80 ஹெர்ட்ஸ் என்ற இரண்டும் மாறாமல் இருக்கின்றனவா என்று மெனுவில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.